உம்மம்மா ஒரு தடவைதான் சொல்வா: 75,000 ரூபாவில் குறும்படக் கருவிகள் தேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஆனி மாதத்து ஞாயிறு பின்னேரம் ஐந்து பிள்ளைகள் என் எடிட்டிங் அறைக்கு வந்தார்கள். மூன்று பேர் திருகோணமலை நகரத்துப் பிள்ளைகள், இரண்டு பேர் கிண்ணியா. எல்லோருக்கும் இருபது, இருபத்தொரு வயது. ஆளுக்கு 15,000 ரூபா போட்டு 75,000 சேர்த்திருந்தார்கள். ஒருத்தியின் பங்கு அம்மா கட்டிய சீட்டுக் காசு. இன்னொருவன் எட்டு மாதம் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது. அந்தக் காசின் பாரம் எனக்குத் தெரியும், அதனால்தான் இதை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

கையில் ஒரு தாள் இருந்தது. பழைய கெனன் 700டி கமரா, அதோடு வரும் 18–55 லென்ஸ், 88,000. கமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல் 28,000. எல்.ஈ.டி பனல் 19,000. ட்ரோன், ஒரு நாள் வாடகை.

"அண்ணா, மாமா ஒராள் 20,000 கடன் தாறன் எண்டவர். கமராவ மட்டும் முதல்ல எடுத்திட்டா மிச்சத்தப் பிறகு பாக்கலாம்தானே?" என்று கமரா பிடிக்கவிருந்த தம்பி கேட்டான்.

நான் பன்னிரண்டு வருடமாகக் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். இப்படித் தொடங்கிய படங்களின் காட்சிகள் என் கொம்பியூட்டருக்கு வந்திருக்கின்றன. கமரா நல்லதாக இருக்கும், பேச்சு ஒன்றும் விளங்காது. வாங்கியவர்களிடம் மைக்குக்குக் காசு மிஞ்சியிருக்காது. கொஞ்சம் மங்கிய படத்தை நிறம் பார்த்துச் சரிக்கட்டலாம். காற்று மோதி உடைந்த குரலை எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருப்பி எடுக்க முடியாது.

ஆனாலும் "ஒலிக்குத்தான் முதலில் செலவழியுங்கள்" என்று எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. எல்லாப் படத்துக்கும் அது பொருந்தாது. வசனமே இல்லாத படம் எடுக்கிறவர்களுக்கு ஒலி பதியும் ரெக்கோடர் எதற்கு? கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

கதை இது. கிண்ணியாப் பிள்ளைகளில் ஒருத்தியின் உம்மம்மா, அதாவது அம்மாவின் அம்மா, எழுபது வயது தாண்டியவர், எருமைத் தயிர் போட்டு விற்றவர். கிண்ணியாப் பாலம் 2009 ஐப்பசியில் திறக்கப்பட்டது, 396 மீட்டர் நீளம். அதற்கு முன்னர் நகரத்துக்கு வர வேண்டுமென்றால் பாதையில்தான் வர வேண்டும். பாதை என்றால் இங்கே தண்ணீரில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் மிதவை. தலையில் தயிர்ச் சட்டியோடு பாதைக்குக் காத்துநின்ற காலத்தை உம்மம்மா தன் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு அதே பாலத்தில் நடக்கிறா. பதினொரு நிமிடப் படம். நடிகை இல்லை, உம்மம்மாவே நடிக்கிறா.

"அவ ஒரு தடவைதான் சொல்வா அண்ணா. திரும்பக் கேட்டா 'அதான் சொன்னனே மகள்' எண்டிருவா" என்று பேத்தி சொன்னாள்.

அந்த ஒரு வரியில் இருந்துதான் மற்ற எல்லா முடிவும் வந்தது.

ஆறாவது பத்தி

பதினான்கு காட்சி. ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு காட்சிக்கும் ஆறு பத்தி போட்டோம். எந்த இடம், எத்தனை மணி, யார் பேசுகிறார், கமராவில் இருந்து எவ்வளவு தூரம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது. ஆறாவது: திரும்ப எடுக்கலாமா?

பேத்தி பஸ்ஸில் இருந்து இறங்குவதை இருபது தடவை எடுக்கலாம். பால் கொதிப்பதை மறுநாளும் எடுக்கலாம். உம்மம்மா பேசுகிற நான்கு காட்சிக்கும் "இல்லை" என்று விழுந்தது. டச்சுக் குடாக் கடற்கரையில் ஓர் இரவுக் காட்சிக்கும் "இல்லை", ஏனென்றால் அவவை இரவில் இரண்டாம் முறை நகரத்துக்குக் கூட்டிவர வீட்டில் விடமாட்டார்கள். மொத்தம் ஐந்து. மற்ற ஒன்பதும் நேரம் இருந்தால் சரி.

காசு முதலில் அந்த ஐந்துக்குப் போகட்டும் என்று தீர்மானித்தோம். திரும்ப எடுக்கக்கூடியதை இரவல் வாங்கிய பொருளோடோ, பொறுமையோடோ சமாளிக்கலாம். பழைய தாளில் இருந்த பொருட்களை இந்தக் கேள்வியோடு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ட்ரோனுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. இலங்கையில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் வேண்டும். திருகோணமலையில் கடற்படைத் தளம் இருக்கிறது, பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. பிள்ளைகளை அந்த வில்லங்கத்துக்குள் அனுப்ப நான் தயாரில்லை.

கிம்பல் நடக்கிற கமராவுக்கு உதவும். உம்மம்மா மெதுவாக நடப்பா, பெரும்பாலும் உட்கார்ந்துதான் பேசுவா. கச்சான் காற்று வீசும்போது பாலத்துக்கு மேல் கிம்பலே காற்றோடு சண்டை பிடிக்கும். அதையும் வெட்டினோம்.

கமராதான் கஷ்டமான பேச்சு. 700டி 2013இல் வந்த கமரா, நல்ல கமரா. ஆனால் ஹெட்போன் மாட்ட அதில் துளை கிடையாது. மைக் மாட்டலாம், என்ன பதிவாகிறது என்று எடுக்கும்போதே கேட்க முடியாது. ஒரு தடவைதான் பேசுகிற ஆளுக்கு முன்னால் அது பெரிய குறை. 4கே என்ற கூடிய தெளிவுள்ள வீடியோவும் இல்லை. பிள்ளைகளில் ஒருத்தியிடம் இருந்த நடுத்தர விலை போன் 4கே எடுக்கும், ஆட்டத்தைக் குறைக்கும் வசதியும் லென்ஸில் இருக்கிறது. கமராவில் உள்ளதும் போனில் இல்லாததும் பின்னணி மங்குகிற அழகு. தம்பிக்கு அதில்தான் ஆசை. அந்த ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இந்தக் கதையில் உம்மம்மாவுக்குப் பின்னால் தெரிகிற பாலமும் தண்ணீரும்தான் கதை. அதை மங்கவிட்டால் எதைப் பார்ப்பது?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவில் இருந்து 350க்கு மேல் போனது. அதற்கு முன்னர் சொல்லப்பட்ட விலைகளை வைத்து இப்போது கணக்குப் போடக்கூடாது. இங்கே நான் சொல்வது 2024 நடுப்பகுதியில் எங்களுக்குக் கிடைத்த விலைகள். பழைய பொருட்கள் விளம்பரம் பார்த்து, நேரில் போய் வாங்கியவை.

குரல்

ஒலிக்குப் போனது 33,800. மொத்தக் காசில் ஏறத்தாழ 45 வீதம்.

பழைய சூம் எச்1என் ரெக்கோடர் 24,000. கைக்குள் அடங்கும், இரண்டு டிரிபிள் ஏ பற்றரியில் ஓடும், 24 பிட்டில் பதியும், ஹெட்போன் துளை உண்டு, வெளி மைக்கும் மாட்டலாம். முதலில் பார்த்தது வேறொன்று, 4,000 குறைவு. பற்றரி போடும் இடத்தைத் திறந்தால் பச்சையாகக் களிம்பு. உப்புக் காற்றில் இருந்த பொருட்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளியில் புதிதுபோல் மினுங்கும், உள்ளே தகடு அரித்திருக்கும். அதை விட்டுவிட்டுக் கண்டிக்கு பஸ் ஏறி இரண்டாவதை எடுத்து வந்தார்கள். அங்கேயே ஓர் அறைக்குள் பத்து நிமிடம் சும்மா இருந்து வெறும் அமைதியைப் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தார்கள். இரைச்சலோ வெடிப்போ இருந்தால் அந்த அமைதியில்தான் தெரியும்.

சட்டையில் குத்தும் போயா பிவை-எம்1 மைக் இரண்டு, 9,500. 6 மீட்டர் வயர். போனுக்கும் கமராவுக்குமாக ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கமரா பக்கம் தள்ளினால் உள்ளே எல்.ஆர்.44 பொத்தான் பற்றரி இருந்தால்தான் வேலை செய்யும். இந்தச் சுவிட்சைப் பார்க்காமல் "மைக் பழுது" என்று தூக்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு மைக்கை ரெக்கோடரில் மாட்டலாம், மற்றதை வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனில் மாட்டி, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடலாம். வயர்லெஸ் மைக் வாங்காமல் விட்டது இதனால்தான்.

மிச்சம் 300 ரூபா தையற்காரருக்கு. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

வைகாசியில் இருந்து ஆவணி வரை இங்கே கச்சான் காற்று. காய்ந்த, சூடான, விடாமல் அடிக்கிற காற்று. மைக்கோடு வரும் பஞ்சுத் தொப்பி அதை மறிக்காது. நீள ரோமம் உள்ள உறைதான் காற்றின் வேகத்தை மைக்குக்கு வெளியிலேயே உடைக்கும். கடையில் விற்கிற உறை எங்கள் ரெக்கோடருக்குப் பொருந்துவதாகக் கிடைக்கவில்லை. ஒரு பிள்ளை தன் பழைய கரடிப் பொம்மையை அறுத்துக் கொண்டுவந்தாள். தையற்காரர் பை போலத் தைத்துத் தந்தார். மாட்டிக் கேட்டால் காற்று இல்லை, ஆனால் உம்மம்மா தலையணைக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. ரோமத்துக்குப் பின்னால் தடித்த துணி ஒன்று ஒட்டியிருந்தது, அதுதான் காரணம். சொற்களைத் தெளிவாக்குகிற மெல்லிய ஒலியை அது விழுங்கிவிடுகிறது. அந்தத் துணியைப் பிரித்து, ரோமத்தைத் தாங்குகிற வலை போன்ற பின்புறத்தை மட்டும் விட்டு மறுபடியும் தைத்தோம். அது வேலை செய்தது.

ரெக்கோடரில் தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் வடிகட்டி இருக்கிறது, அதையும் போட்டோம். ஆனால் காற்று பலமாக மோதி ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டுவிட்டால் வடிகட்டியால் பயனில்லை. ஒலி அளவை எப்போதும் மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். குரல் திடீரென உயர்ந்தாலும் இடம் இருக்கும்.

தூரம் பற்றி பிள்ளைகளுக்கு ஒன்றைச் செய்தே காட்டினேன். திறந்த வெளியில் மைக்கை இரண்டு மடங்கு தூரம் கொண்டுபோனால் குரல் 6 டெசிபல் விழும். சுற்றியுள்ள மோட்டார் சைக்கிள் சத்தமும் காற்றும் அப்படியே நிற்கும். ஆகவே விலை கூடிய மைக் இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதைவிட, எங்களுடையது உம்மம்மாவின் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் இருப்பது நல்லது. அதற்கு ஒரு மூங்கில் தடி, நுனியில் பழைய போன் பிடி, இரண்டு ரப்பர் வளையம். செலவு இல்லை. தடியைப் பிடித்த பிள்ளை ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டபடியே நின்றாள். ஹெட்போன் என்னுடையது, காதை முழுதாக மூடுவது. அதை வாங்கச் சொல்லாமல் இரவல் கொடுத்தேன்.

இவ்வளவும் செய்தும் முதல் நாளே ஒன்று தவறிப்போனது. உம்மம்மாவின் வீட்டுத் திண்ணை, காலை ஏழு மணி. சட்டை மைக்கை முக்காட்டுக்கு உள்ளே மறைத்துக் குத்தினார்கள். அவ பேசும்போது தலையைத் திருப்பித் திருப்பிப் பேசுகிறவ. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முக்காடு மைக்கில் உரசி "சர், சர்" என்று ஏறியது. ஒன்பது நிமிடம் இடைவிடாமல் பேசினா, பாதை கவிழப்பார்த்த ஒரு நாளைப் பற்றி. நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. நிறுத்தாதது சரிதான். தடியில் இருந்த ரெக்கோடர் அதைச் சுத்தமாகப் பிடித்திருந்தது. படத்தில் இருப்பது அந்தக் குரல்தான். அடுத்த நாளில் இருந்து பார்மசியில் வாங்கிய காகிதப் பிளாஸ்டரால் மைக்கைத் துணியோடு அசையாமல் ஒட்டி, வயரில் ஒரு சின்ன வளையம் விட்டார்கள். உரசல் பெருமளவு குறைந்தது. திரும்ப எடுக்க முடியாத காட்சிக்கு இரண்டு வழியில் பதிய வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தோம், அது காப்பாற்றியது.

பள்ளிவாசல் பாங்குக்கும் கோயில் மணிக்கும் நேரம் குறித்துப் பேச்சுக் காட்சிகளை இடையில் வைத்தோம். பாங்கு சொல்லும்போது ரெக்கோடரை நிறுத்தாமல் அதையும் தனியாகப் பதிந்தோம். படத்தின் முதல் ஒலி அதுதான்.

பாலத்துக்கு நடுவில் பேச்சு எடுக்கவே முடியாது என்பது போய் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்தது. காற்று ஒரு பக்கம், லொறி ஒரு பக்கம். கதை எழுதியவள் அங்கேயே காட்சியை மாற்றினாள். கமரா பின்னால் தூரத்தில் நிற்கும், உம்மம்மாவும் பேத்தியும் முதுகு காட்டி நடப்பார்கள், உதடு தெரியாது. பேச்சை அன்று பின்னேரம் வீட்டு அறைக்குள், ஜன்னலை மூடி, மெத்தையைச் சுவரில் சாத்திப் பதிந்தோம். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த ஷொட் அது.

ட்ரைபொட்: நான் தவறாகச் சொன்னது

பழைய ட்ரைபொட் 13,500, போன் பிடி 1,200. இந்த முடிவு என்னுடையது, அது முழுச்சரியான முடிவல்ல. "நிற்கிற ஷொட்தானே, லேசானது போதும்" என்று சொன்னேன். நின்ற ஷொட்டுகளுக்குப் போதுமாகத்தான் இருந்தது. நடுத்தண்டின் கீழ்க் கொக்கியில் மணல் நிரப்பிய ஷொப்பிங் பையைத் தொங்கவிட்டால் பாலத்துக் காற்றிலும் ஆடவில்லை. ஆனால் அது போட்டோவுக்கான தலை, எண்ணெய்த் தலை அல்ல. மெதுவாகத் திருப்ப வராது, பிடித்து இழுத்து விடும். தண்ணீரில் தொடங்கிப் பாலத்தின் மறுமுனை வரை மெல்லத் திரும்பும் ஒரு ஷொட்டைத் தம்பி மனதில் வைத்திருந்தான். இரண்டு காலை முயன்றும் வரவில்லை. இன்னும் பத்தாயிரம் ரூபா அதற்கு ஒதுக்கச் சொல்லியிருந்தால் வந்திருக்கும். டச்சுக் குடா இரவுக்குக் கமரா வாடகை எடுத்த செலவை அதில் போட்டிருக்கலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

வெளிச்சம்

வெளிச்சத்துக்கு 4,800 மட்டும். இரண்டு நல்ல எல்.ஈ.டி பல்ப், ஹோல்டர், வயர், பிளக் எல்லாம் சேர்த்து 3,800. வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை 1,000. பல்ப் வாங்கும்போது பெட்டியில் சி.ஆர்.ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா எனப் பார்க்கச் சொன்னேன். அது குறைந்த பல்ப்பில் நம் தோல் பச்சை தட்டித் தெரியும், அதைச் சரிக்கட்டப் போனால் சேலையின் நிறம் கெடும்.

திருகோணமலை எட்டரைப் பாகை அகலாங்கில் இருக்கிறது. ஆவணி நடுவில் உச்சி வெயில் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல். கண் இரண்டும் குழிக்குள் கறுப்பாகிவிடும், எந்தப் பலகை பிடித்தாலும் சரிவராது. ஆகவே வெளிக்காட்சிகள் காலை ஆறு முதல் எட்டரை வரை, பின்னேரம் நாலரை முதல் ஆறு வரை. நடுப்பகல் வீட்டுக்குள். வாசலுக்கு ஒரு முழம் உள்ளே உம்மம்மாவை இருத்தினால் வெளி வெளிச்சம் முகத்தில் விழும், மறுபக்கம் ரெஜிபோம். அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் அவவின் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. மேலே பிடிக்கலாம் என்று கொண்டுபோன வெள்ளை வேட்டி காற்றில் படபடத்து வெளிச்சத்தையும் படபடக்க வைத்தது. பிறகு அதை ஜன்னல் சட்டத்தில் இறுக்கிக் கட்டினோம், அங்கே அருமையாக உதவியது.

குசினியில் டியூப் லைட். போனைத் தன்பாட்டில் விட்டபோது படத்தில் பட்டை பட்டையாக ஓடியது. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு ஒரு செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கன் என்று பூட்டிவிட்டால் அந்தப் பட்டை போய்விடும். போனோடு வந்த கமரா செயலியில் பூட்ட வழியில்லாததால் ஓப்பன் கமரா என்ற இலவசச் செயலியைப் போட்டோம். பிளக்மெஜிக் கமரா செயலியும் இலவசம்தான். ஆண்ட்ராய்டுக்கு 2024 ஆனியில்தான் வந்திருந்தது, எங்கள் போனில் அப்போது ஏறவில்லை. எதில் எடுத்தாலும் ஷட்டர், ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு), வெள்ளை நிறம், போக்கஸ் நான்கையும் பூட்டுங்கள். உம்மம்மா கையை அசைத்தவுடன் படத்தின் வெளிச்சம் ஏறி இறங்குவதைப் பார்ப்பதுபோல வேதனை இல்லை.

4கேயில் எடுத்ததற்கும் காரணம் உண்டு. படத்தை 1080இல்தான் வெளியிடப்போகிறோம். 4கே அதைவிட அகலத்தில் இரண்டு மடங்கு, எனவே ஒரே ஷொட்டை எடிட்டிங்கில் வெட்டிக் கிட்டக் காட்டலாம். ஒரு தடவைதான் பேசுகிற ஆளை ஒரே கமராவால் எடுக்கும்போது இது பெரிய உதவி. ஆனால் நிமிடத்துக்கு 350 முதல் 400 எம்பி போகும், வெயிலில் போன் சூடாகி தானாக நிற்கும். குடை பிடிக்க ஒருவரை ஒதுக்கினோம். குடை உம்மம்மாவுக்கல்ல போனுக்கு என்று தெரிந்தபோது அவ சிரித்த சிரிப்பும் பதிவில் இருக்கிறது. மெமரி கார்ட், பென் டிரைவ் இரண்டுக்கும் 6,200. ஒவ்வொரு இரவும் இரண்டு இடத்தில் படி எடுத்த பிறகே போனில் அழித்தார்கள்.

டச்சுக் குடா இரவு

ஐந்தாவது "இல்லை". இரவு எட்டு மணி, கடற்கரை நடைபாதை, தெருவிளக்கு. போனில் ஒரு இரவு சோதித்துப் பார்த்தோம், கறுப்பெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொதித்தது. சின்னச் சென்சர், அதற்கு மேல் கேட்க முடியாது. இந்த ஒரு காட்சிக்காக 88,000 கொடுத்துக் கமரா வாங்குவதா? எனக்குத் தெரிந்த கலியாண வீடியோக்கார அண்ணா ஒருவரிடம் மிரர்லெஸ் கமராவும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸும் இருந்தன. ஒரு இரவுக்கு 5,000, தானும் கூட வருவார் என்ற நிபந்தனையோடு. கருவியை விட்டுப் பிரியமாட்டேன் என்ற அவரின் பயம் பிள்ளைகளுக்கு நல்லதாகவே முடிந்தது. போக்கஸ் வைப்பதை அவரே சொல்லிக் கொடுத்தார்.

எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும். எஃப் 1.8, சாதாரண லென்ஸின் எஃப் 3.5ஐவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வெளிச்சம் எடுக்கும். தெருவிளக்கே போதுமாகிவிட்டது. கோட்டைப் பக்கம் இருந்து ஒரு மான் வந்து நடைபாதை ஓரம் நின்றது, இந்த நகரத்தில் அது புதினமில்லை. உம்மம்மா பேச்சை நிறுத்தி அதைப் பார்த்தா. தம்பி ஆசைப்பட்ட மங்கிய பின்னணி அந்த ஒரு ஷொட்டில் அவனுக்குக் கிடைத்தது.

போன் நிறமும் கமரா நிறமும் சேரவில்லை என்பது உண்மை. இரண்டிலும் ஒரே வெள்ளைத் தாளைப் பிடித்து எடுத்து வைத்திருந்ததால் இரண்டு பின்னேரம் உட்கார்ந்து சரிக்கட்ட முடிந்தது. அதை எடுக்காமல் விட்டிருந்தால் முடிந்திருக்காது.

மேசையில்

வெட்டியது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில். 4கே வரை வெளியிடும், நீர் அடையாளம் போடாது. பிள்ளைகளின் லெப்டொப் 8 ஜிபி, 4கே ஓடாமல் தவித்தது. சின்ன அளவுப் படி ஒன்றை உருவாக்கி அதில் வெட்டிவிட்டுக் கடைசியில் மூலத்துக்கு மாறினோம்.

இங்கேதான் இன்னொரு பிரச்சினை தலைகாட்டியது. போன் வீடியோவின் பிரேம் வேகம், அதாவது செக்கனுக்கு எத்தனை படம் என்பது, ஒரே சீராக இருக்காது, சூட்டையும் வெளிச்சத்தையும் பொறுத்துக் கூடிக் குறையும். தனி ரெக்கோடரின் ஒலியோடு சேர்க்கும்போது ஒலியையும் படத்தையும் பொருத்தத் தொடக்கத்தில் அடித்த கைதட்டல் சரியாகப் பொருந்தும். அந்த ஒன்பது நிமிடத் திண்ணைக் காட்சியின் முடிவில் உதடு முந்திவிட்டது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோக்கள் எல்லாவற்றையும் சீரான வேகத்துக்கு மாற்றிய பிறகு பொருந்தியது. முதலிலேயே மாற்றியிருந்தால் நான்கு நாள் மிஞ்சியிருக்கும். போனையும் தனி ரெக்கோடரையும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்கள் வெட்டத் தொடங்குவதற்கு முன்னரே இதைச் செய்துவிடுங்கள்.

கணக்கு: கருவிகள் எல்லாம் 59,500. வாடகைக் கமரா 5,000. மிச்சம் 10,500 சாப்பாடு, பஸ், ஓட்டோ. மாமாவின் கடன் வாங்கப்படவில்லை. படம் ஐப்பசியில் முடிந்தது, கிண்ணியாவில் அந்த வீட்டு முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி முதலில் காட்டினார்கள்.

ட்ரைபொட்டை 9,000க்கு விற்றுவிட்டு, எண்ணெய்த் தலையுள்ள பழைய ட்ரைபொட் தேடுகிறார்கள். ரெக்கோடர் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. படத்தில் ஆறு நிமிடம்தான் உம்மம்மா பேசுகிறா. பதிந்தது 41 நிமிடம். கட்டாரில் இருக்கும் மகன்மார் முழுவதையும் கேட்டார்கள். 700 எம்பிக்கு மேல் வந்த அந்தக் கோப்பைச் சுருக்காமல் வட்ஸ்அப்பில் டொக்கியுமெண்டாக அனுப்பினோம், இறங்க இரவு முழுவதும் எடுத்தது. காலையில் மூத்தவர் பேத்திக்குக் கோல் எடுத்து, திண்ணையில் பின்னால் கேட்கும் கோழி இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தாராம்.